ஏழாவது கேள்வி

என் வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில், தறியிலிருந்து வரும் சேலைகளை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே புட்டா கோணியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. இப்போதெல்லாம் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத்தான் தோன்றுகிறது. "நல்லவேளை, நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு இந்த வேலை கிடைக்கல" என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இப்படிப்பட்டவளிடம் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீயை ஆற்றிக்கொண்டே என் அம்மா சொன்னாள்: "நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கீறேன்."

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், சமைக்க ஆள் இருந்தாலும் சாம்பாரை மட்டும் அவளே வைப்பாள். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன், அவள் தனியாக இருந்தாள். பருப்பு மூட்டை வந்து இறங்கிவிட்டது என்று சொல்லும் அதே குரலில்தான் கல்யாணத்தையும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, வெட்கம் வந்ததா என்று கேட்டால், மூன்றும் வந்தது. டீ மட்டும் உள்ளே போகவில்லை.

"யாரும்மா?"

"ஸ்டவ் ரிப்பேர் பண்றாரே, மிலிட்டரிக்காரரு."

ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஸ்டவ், குக்கர், மிக்சி ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை. வந்தவாசிப் பக்கத்து ஆள், பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ராணுவத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர் என்பதால் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லாமலேயே மிலிட்டரி கடை என்று பெயர்.

அம்மாவின் பள்ளிக்கூடத்தில் பெரிய அடுப்பு மக்கர் பண்ணியபோது அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர் பர்னரைக் கழற்றி ஊசியால் குத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி" என்றாராம். இருபது வருஷமாக அம்மாவின் சாம்பாரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல பயம். அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு அதே யோசனையாக இருந்திருக்கிறது. அடுத்த வாரம் நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு மறுபடியும் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் "சரிம்மா" என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றைக்கே என் கண் விட்ட இழையைத் தேட ஆரம்பித்துவிட்டது. தேடுவதற்குத் துணையாக வந்து சேர்ந்தார் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. சேலை புரோக்கர். ஒரு சேலையை விற்பதற்குள் அதன் பூர்வீகம் முழுக்கச் சொல்லிவிடுவார், அதில் பாதி அவரே நெய்தது.

"அந்த ஆளு மிலிட்டரியே கிடையாது" என்றார் மாமா.

"எப்படி மாமா சொல்றீங்க?"

"மிலிட்டரிக்காரன்னா ரெண்டாவது டீக்குள்ள ஒரு சண்டை வந்துடணும். இந்த ஆளோட நான் அஞ்சு டீ குடிச்சேன். ஒரு குண்டுகூட வெடிக்கல."

சிரிப்பு வந்தாலும் அதில் விஷயம் இருந்தது. கண்ணமங்கலம் ரோட்டில் போனால் தெருவுக்கு நாலு வீடு பட்டாளத்து வீடு. அவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு மூன்று கேள்வியில்தான் தொடங்கும். எந்த யூனிட்? எந்த டிரேடு, அதாவது உள்ளே என்ன வேலை? எந்த வருஷம் பென்ஷன்? மூன்றுக்கும் பதில் வந்தால் அப்புறம் அண்ணன் தம்பிதான். எங்கள் ஆள் முதல் கேள்விக்குப் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வி வந்ததும், கடையில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று கிளம்பிவிடுவார். கண்ணமங்கலத்து டீக்கடையில் ரிட்டயர்டு ஹவில்தார் ஒருவர் இதை மாமாவிடம் சொல்லியிருக்கிறார். போதாதா மாமாவுக்கு?

அவரையே நேராகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எங்கள் பக்கம் அது மரியாதை இல்லை. கல்யாணம் என்று வந்தால் மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடையில் விசாரிக்க வேண்டும், முடிவெட்டும் கடையில் விசாரிக்க வேண்டும், பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது. ஆளின் முதுகுக்குப் பின்னால் கேட்பதுதான் ஆளுக்குச் செய்யும் மரியாதை. என்னையும் என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் ஊரே விசாரித்தது. அதனால் நாங்கள் செய்தது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

முதலில் நம்பர் வேண்டும். அவர் கடையில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி உண்டு, ஸ்பேனர் எல்லாம் அதன் மேல்தான் கிடக்கும். அதில் வெள்ளைப் பெயிண்டில் ராணுவ நம்பர் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வர, மாமா தன் வீட்டு நல்ல குக்கரின் ரப்பர் வளையத்தை பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்.

மிலிட்டரிக்காரர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இது தேஞ்சு போனதில்லியே. அறுத்த மாதிரி இல்ல கீது?"

"எலி சார்" என்றிருக்கிறார் மாமா.

"எலி நேர் கோட்ல கடிக்குமா?"

"எங்க வூட்டு எலி கடிக்கும் சார்."

நம்பர் கிடைத்தது. நம்பரைப் பார்த்த ஹவில்தார், இது இன்ன பிரிவு, இதற்கு ரெக்கார்டு ஆபீஸ் வெளி மாநிலத்தில் இருக்கிறது என்று அட்ரஸ் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் பக்கத்திலேயே கேட்டுப் பார்ப்போம் என்று, முன்னாள் ராணுவத்தினர் காரியங்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார் மாமா. அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சொந்த ரெக்கார்டுன்னா அவரே வரணும். அவர் இல்லேன்னா வாரிசு வரணும். நீங்க அவருக்கு இன்னா உறவு?" என்றார்.

"உறவாகறதுக்குத்தான் சார் இவ்ளோ விசாரிக்கிறோம்" என்றார் மாமா.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரேஷன் கடை போர்டா சார் இது, யாரு வேணா நின்னு படிக்க?" என்று சொல்லி, அந்த அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாமா அசரவில்லை. ஒரு காலத்தில் தெருச் சாக்கடைக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர் அவர். சாக்கடை வரவில்லை, ஆனால் சீல் குத்திய பதில் வந்தது. அன்றிலிருந்து அந்தச் சட்டத்தின் மேல் அவருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்த பக்தி. "சர்க்காரையே கேட்டுடலாம். நாம கேட்டதை சர்க்காரு மூணாம் மனுஷங்ககிட்ட சொல்லிகினா திரியப்போவுது?" என்றார்.

மாமா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் டைப் செய்தேன். பத்துக் கேள்விகள். இவர் நிஜமாகவே ராணுவத்தில் இருந்தாரா? எப்போதிலிருந்து எப்போது வரை? என்ன வேலை? எந்தெந்தச் சண்டைக்குப் போனார்? எத்தனை குண்டு சுட்டார்? தண்டனை ஏதும் வாங்கினாரா? ஏழாவதாக, "குறட்டை விடுவாரா, கேளு" என்றார்.

"மாமா, இதெல்லாமா கேப்பாங்க?"

"பாரக்ஸ்ல நாப்பது பேரு ஒண்ணா படுத்துக்கினு இருந்திருப்பான். எவனாவது கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்க மாட்டான்? அக்காவுக்குத் தூக்கம் லேசு."

குறட்டைக்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. உறங்கும்போது ஒலி எழுப்பும் பழக்கம் உண்டா என்று கௌரவமாக எழுதினேன். எட்டாவது குடி. ஒன்பதாவது ஏன் வேலையை விட்டார். பத்தாவது, ஆள் குணம் எப்படி.

கடைசியில் மனுதாரர் பெயர். "உன் பேரைப் போடு, எனக்கு யாவாரம் கீது" என்றார் மாமா. நான் போட்டேன். அவர் வற்புறுத்தியதால்தான் போட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆசையாகவே போட்டேன். அம்மாவை ஏமாற்ற வந்தவனைப் பிடிக்கப்போகிறோம் என்று உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா வீட்டில் எனக்கும் மாமாவுக்கும் சாப்பாடு. மாமா இலையில் உட்கார்ந்து ரசத்துக்கு வந்திருந்தார். வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. மிலிட்டரிக்காரர் உள்ளே வந்தார், கையில் ஒரு பழுப்புக் கவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, உன் பேரு போட்டு எனக்கு ஒரு லெட்டர் வந்துகீது. இன்னான்னு பாரு."

பிரித்தேன். ரெக்கார்டு ஆபீஸ் அவருக்கு எழுதியிருந்தது. தங்களைப் பற்றிய விவரங்களை இன்ன அட்ரஸில் இருக்கும் இன்ன பெண்மணி கேட்டிருக்கிறார். இவை தங்களுடைய சொந்த விவரங்கள் என்பதால், கொடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று பத்து நாளுக்குள் தெரிவிக்கவும். கூடவே என் மனுவின் நகல். பத்துக் கேள்வியும் அப்படியே. கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் அழகாகப் போட்டது.

மாமா அப்பளத்தை வாயில் வைத்திருந்தார். கடித்தால் சத்தம் வரும் என்று கடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மத்ததெல்லாம் எனக்கே புரிஞ்சிடுச்சு" என்றார் அவர். "இந்த ஏழாவது கேள்விதான் பிடிபடல. தூங்கறப்ப நான் இன்னா ஒலி எழுப்பணும்?"

அதற்குள் கரண்டியோடு அம்மா வந்துவிட்டாள். கடிதத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "படிடி" என்றாள். படித்தேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லச் சொல்லி, என்னை நிற்க வைத்தே பத்தையும் சொல்ல வைத்தாள். ஐந்தாவது கேள்வியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏழாவதில் மாமாவின் அப்பளம் தானாகவே உடைந்தது.

மிலிட்டரிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அவரே ஆரம்பித்தார்.

"துப்பாக்கி புடிச்சது டிரெயினிங்லதாம்மா. அதுக்கப்புறம் பதினேழு வருஷம் கரண்டி. நான் குக்கு. ஒரு வேளைக்கு நூத்தியிருபது பேருக்கு சோறு."

"அதை ஏன் சார் மறைக்கணும்?" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் குற்றம் கண்டுபிடிக்கிற புத்தி போகவில்லை.

"மறைக்காத இருந்தேனே, அதாம்மா பேஜாரு. மொத லீவுல ஊருக்கு வந்தேன். அண்ணன் பொண்ணுக்குக் காது குத்து. சமையக்காரன் வரல. நம்ம தம்பிதான் மிலிட்டரில சமைக்கிறானேன்னு கூட்டினு போய் அடுப்பாண்ட நிறுத்திட்டாங்க. நல்லா வேற செஞ்சு தொலைச்சிட்டேன். அன்னியிலேர்ந்து நான் எப்ப லீவுல வரேனோ அதைப் பாத்துதான் எங்க ஊர்ல முகூர்த்தமே வெப்பாங்க. ரெண்டு மாசம் லீவுல பன்னெண்டு விசேஷம். பென்ஷன் வந்த அப்புறமும் அதே கதிதான். என் கல்யாணத்துக்கு நானே சாம்பார் தாளிச்சேம்மா. ஒரு விசேஷத்துலகூட நான் பந்தியில உக்காந்து சாப்பிட்டதில்ல. என் பொண்டாட்டி போன பின்னாடி, தெரியாத ஊருக்குப் போயிடலாம்னு இங்க வந்தேன். மிலிட்டரின்னு மட்டும்தான் சொன்னேன். கையில துப்பாக்கிய குடுத்தது நீங்கதான்."

மாமாவைப் பார்த்து, "எலி கடிச்ச குக்கரு நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்கியோ கீற ஆபீசுக்கு இருக்கிற புத்தி உங்க ரெண்டு பேருக்கும் இல்ல. அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி அவரைக் கேட்டாங்க. கல்யாணம் எனக்கு. எவ்வளவு நாளா டைப் அடிச்சிகினு, போஸ்ட் பண்ணிகினு இருந்தீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடி?"

சேலையில் ஓட்டை தேடியவள் சேலை கட்டியவளைப் பார்க்கவே இல்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

மிலிட்டரிக்காரர் பேனாவை எடுத்தார். "ஆட்சேபணை இல்லைன்னு டைப் அடிச்சுக் குடும்மா, கையெழுத்து போடறேன். பொண்ணு மனசுல ஒரு சந்தேகத்தை வெச்சிகினு நான் இந்த வூட்டு மாப்பிள்ளையா வரமாட்டேன். பதில் வரட்டும், அப்புறம் தேதி பாக்கலாம்."

"வேணாம் சார், நான் நம்பறேன்" என்றேன்.

"இப்ப நம்புவே. நாளைக்கு ரசத்துல ஒரு உப்பு கூடினா திரும்பவும் மனு போடுவே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா ஓர் இலை போட்டாள். "உக்காருங்க" என்றாள். அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவர் முதல் வாய் வைக்கும்வரை அம்மா நின்றுகொண்டிருந்தாள். "உப்பு?"

"சரியா கீது" என்றார்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலோ தூக்கல். எனக்குத் தெரிந்து அவர் எங்கள் வீட்டில் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் எனக்குச் சொல்ல வேண்டியதை என் வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னாள். போன மாதம்வரை அந்தப் பதில் வந்து கல்யாணம் நிற்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். இப்போது அந்தப் பதில் வராமல் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. தினமும் கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடி, தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்குவேன். "உங்களுக்கு வந்தா நான் எடுத்துகினு போய் வித்துடவா போறேன்? வூட்டுக்குப் போங்கம்மா" என்று அலுத்துக்கொள்வார். மாமா தன் குலதெய்வச் சட்டத்தில் சீக்கிரம் பதில் வாங்க இன்னொரு மனுப் போடலாமா என்றார். நான் பார்த்த பார்வையில், எடுத்த பேனாவைத் திரும்பச் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டார்.

கடைசியில் வந்தது. பிரித்துப் பார்க்காமல் அப்படியே அம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். "நீயே பிரிம்மா" என்றேன். அம்மா கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பணியில் இருந்தது உண்மை. பதினேழு வருஷம். வேலை, சமையல். தண்டனை எதுவும் இல்லை. சண்டை, குண்டு, குடி, இவற்றுக்கெல்லாம் தகவல் ஏதும் இல்லை. ஏழாவது கேள்விக்கும் ஒரு வரி எழுதியிருந்தார்கள், கோரிய தகவல் இவ்வலுவலகப் பதிவேட்டில் பராமரிக்கப்படவில்லை என்று. பத்தாவது, குணம்: முன்மாதிரியானது.

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"ரொம்ப ரொம்ப நல்லவருன்னு அர்த்தம். அதுக்கு மேல அவங்ககிட்ட மார்க் கிடையாதாம்."

"இதுக்கா ரெண்டு மாசம்? என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்." ஆனால் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, எங்கள் பத்திரமெல்லாம் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்புறம், "சாப்ட்டியா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது, ஐம்பது பேருக்குப் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. முதல் பந்தியில் நடு இலையில் அவர். சமையல்காரர் பாயசத்தைத் தீயவிட்ட வாசனை வந்தது. அவர் மூக்கு துடித்தது, கை சட்டையை மடிக்கப் போனது. அம்மா பக்கத்து இலையிலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவர் உட்கார்ந்தார். தீய்ந்த பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாமாவின் வாய் சும்மா இருக்குமா? எப்படியோ எங்கள் ஒன்றுவிட்ட அத்தை காதுக்கு விஷயம் போயிருந்தது. கை கழுவும் இடத்தில் அவள் அம்மாவைப் பிடித்தாள். "மாப்பிள்ளை மிலிட்டரில குக்காமே? வர்ற மாசம் எங்க வூட்ல வளைகாப்பு..."

"யாரு சொன்னா?" என்றாள் அம்மா. "அவரு பார்டர்ல இருந்தவரு. துப்பாக்கி மட்டும்தான் புடிப்பாரு. ஒரு சுடுதண்ணி வெக்கத் தெரியாது."

சர்க்கார் சீல் குத்திக் கொடுத்த உண்மை பீரோவில் பூட்டியிருக்க, என் அம்மா மண்டபத்தில் நின்று அப்படி ஒரு பொய் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் அத்தை என்றேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அம்மா கண்ணெல்லாம் சிவந்து கொட்டாவி விட்டுக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, தூங்கலியா? உடம்புக்கு ஏதாவதா?"

"உங்க ஏழாவது கேள்விக்குப் பதில் வந்துடுச்சுடி. எழுதிக்கோ. விடறாரு. ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கிற மாதிரி விடறாரு. கண்ணை மூட முடியல."

"அய்யோ. மாமா சொன்னது சரியாப் போச்சே. அவரைப் பக்கத்து ரூம்ல படுக்கச் சொல்லேன்."

அம்மா பூண்டுத் தோலை ஊதினாள்.

"சும்மா இருடி" என்றாள். "பதினோரு வருஷமா இந்த வூட்ல ராத்திரில ஒரு சத்தம் இல்லாம இருந்துச்சு."